போஸ்ட்கிரெஸ் நீட்சி ஒன்றைக் காப்பாற்ற உதவி தேவை

நண்பர்களே, எங்கள் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற தரவுத்தள மென்பொருளின் 13-ஆம் பதிப்பில் ஓடுகிறது. அதற்கான ஆதரவு 2025 நவம்பரில் முடிந்துவிட்டதால் 17-க்கு மாறியாக வேண்டும். குறுக்கே நிற்பது, வெளியார் எழுதிய ஒரு நீட்சி (extension), அதாவது போஸ்ட்கிரெஸுக்குக் கூடுதல் வசதி தரும் துணைநிரல். எங்கள் தேடல் முழுவதும் அதை நம்பியே இருக்கிறது. சி மொழி நீட்சிகளை ஒவ்வொரு பெரும்பதிப்புக்கும் புதிதாகக் கம்பைல் செய்ய (மூலநிரலை இயங்கும் வடிவுக்கு மாற்ற) வேண்டும். இதுவோ 17-இன் ஹெட்டர் கோப்புகளோடு (உள் ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் உள்ள கோப்புகள்) கம்பைல் ஆகவே மறுக்கிறது. அதன் நூலகக் கோப்பு இல்லாமல், பதிப்பு மாற்றும் கருவியான பிஜி_அப்கிரேடும் (pg_upgrade) சோதனைக் கட்டத்தைத் தாண்டுவதில்லை.

எழுதியவரைக் குறை சொல்ல மனமில்லை. ஊதியமின்றிப் பல ஆண்டுகள் பராமரித்தவர் அவர். மூலநிரல் திறந்தே இருக்கிறது, உரிமமும் தடுக்கவில்லை. இடைப்பட்ட பதிப்புகளில் உள் ஃபங்ஷன்கள் எப்படி மாறின என்று அறிந்தவர்கள் யாராவது பிழைச்செய்திகளைப் பார்த்துத் தருவீர்களா? கேட்டால் முழுவதையும் அனுப்புகிறேன். திருத்தத்தைச் சோதிப்பதும் ஆவணம் எழுதுவதும் என் பொறுப்பு.