ஒரு > குறி குறைந்ததால்: ஸ்டார்ட்அப் கோப்பில் கை வைத்து மாட்டிக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

கன்சோல்_காத்தான்

ஃப்ரீபிஎஸ்டி (யுனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்) ஓடும் சர்வர். அது வெளியூரில் ஒரு கிளையண்ட் ஆபீசில், நான் வீட்டில். மணியைச் சரிசெய்யும் என்டிபி பூட்டில் தானாக எழட்டும் என்று, மெஷின் எழும்போது படிக்கும் அமைப்புக் கோப்பான ஆர்சி.கான்ஃபில் ஒரே ஒரு வரி சேர்க்கப் போனேன். கொடுத்ததை அப்படியே வெளியிடும் எக்கோ கட்டளை போட்டுக் கோப்புக்குள் தள்ளினேன். கோப்பின் கடைசியில் சேர்க்கும் >> விழ வேண்டிய இடத்தில், இருப்பதை அழித்து எழுதும் > விழுந்தது. மொத்தக் கோப்பும் காலி, உள்ளே இருந்தது என் ஒரு வரிதான். எனக்குத் தெரியவே இல்லை. ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

ஆறு வாரம் கழித்து அங்கே கரண்ட் போனது, யூபிஎஸ்ஸும் படுத்துவிட்டது. மெஷின் எழுந்தது, நெட்வொர்க் எழவில்லை. இரவு பதினொன்றரை. அங்கே இருந்தது வாட்ச்மேன் அண்ணன் ஒருவர்தான். கேபிளைப் பிடுங்கி மாட்டுங்கள், ஸ்விட்சை அணைத்துப் போடுங்கள் என்று அரை மணி நேரம் அவரை விரட்டினேன். கடைசியில்தான் மானிட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. எழுத்தெழுத்தாகப் படித்தார். "ஏ, எம், என், ஈ, எஸ், ஐ, ஏ, சி."

அம்னீசியாக். ஹோஸ்ட்நேம் (மெஷினின் பெயர்) இல்லாவிட்டால் லாகின் திரையில் அப்படித்தான் வரும், உங்களுக்குத் தெரியும். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

ரூட் பாஸ்வேர்டை போனில் சொன்னேன். "டாலர் எங்க தம்பி இருக்கு?" ஐபி முகவரி, டிஃபால்ட் ரூட் (கேட்வேக்குப் போகும் வழி), தொலைவிலிருந்து நுழைய விடும் எஸ்எஸ்எச்டியை எழுப்பும் ஒன்ஸ்டார்ட் என்று மூன்று வரி அடிக்க வைக்க நாற்பது நிமிடம். உள்ளே போனால் என் ஹோம் டைரக்டரியையே காணோம். டிஸ்க்கின் கோப்பு முறையான இசட்எஃப்எஸ்ஸை எழுப்பும் இசட்எஃப்எஸ்_எனேபிள் வரியும் போய்விட்டதால் அது மவுண்ட் ஆகவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நிமிடம்!

ஒற்றைப்பயனர்

இந்தக் காலத்தில் எக்கோ எதற்கு? சிஸ்ஆர்சி கட்டளை ஃப்ரீபிஎஸ்டி 9.2 வெளியீட்டிலேயே, 2013இல் வந்துவிட்டது. பேரைச் சொல்லி மதிப்பைக் கொடுத்தால் அந்த வரியை மட்டும் மாற்றும்.

என் கதை சின்னது. அதே கோப்பை விஐ எடிட்டரில் திறந்து கேட்வே முகவரியை மாற்றினேன், முடிவில் மேற்கோள் குறியை மூடவில்லை. ரீபூட். "அன்டெர்மினேட்டட் கோட்டட் ஸ்ட்ரிங்" என்று கத்திவிட்டு, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லின் முழுப் பாதையைக் கொடு என்று கேட்டு நின்றது. சிங்கிள் யூசர், அதாவது பழுதுபார்க்க மட்டும் எழும் நிலை. சேமிக்கப் போனால் ரீட் ஒன்லி. மவுண்ட் -யு போட்டுத் திறந்த பிறகு விஐயைக் கூப்பிட்டால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது, ஏனென்றால் விஐ இருக்கும் யூஎஸ்ஆர் தனிப் பார்ட்டிஷன், இன்னும் மவுண்ட் ஆகவில்லை. வரி வரியாகத் திருத்தும் ஈடி எடிட்டரில் மல்லுக்கட்டி ஒரு குறியை வைத்தேன். ரெஸ்க்யூ டைரக்டரிக்குள் விஐ இருக்கிறது என்று மறுநாள் காலையில்தான் படித்தேன்.

வரிக்குவரி

@ஒற்றைப்பயனர் அவருக்கு எக்கோ எதற்கு என்றீர்கள், நீங்கள் மட்டும் சிஸ்ஆர்சியிலா எழுதினீர்கள்?

எனக்கு நடந்தது: நண்பர் சாட்டில் அனுப்பிய வரியை அப்படியே ஒட்டினேன். மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறியிருந்தது. "இஸ் நாட் செட் ப்ராப்பர்லி" என்று பூட்டில் ஓடிய எச்சரிக்கையை நான் பார்க்கவே இல்லை, எஸ்எஸ்எச்டியும் எழவில்லை.

இப்போது எல்லாரும் கேளுங்கள். ஆர்சி.கான்ஃப் என்பது பட்டியல் அல்ல, ஷெல் ஸ்கிரிப்ட். சமக் குறிக்கு இருபுறமும் இடைவெளி விட்டால் இடப்பக்கத்தை ஒரு கட்டளை என்று நினைத்துத் தேடும். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் கீழே இருப்பதுதான் செல்லும், மேலே திருத்திவிட்டு ஏன் மாறவில்லை என்று முழிக்காதீர்கள். டிஃபால்ட்ஸ் டைரக்டரியில் இருக்கும் ஆர்சி.கான்ஃபைப் படிக்கலாம், தொடக்கூடாது. அப்கிரேடில் அது மாறும். உங்கள் மாற்றம் மட்டும் ஈடிசி டைரக்டரியில் உள்ள ஆர்சி.கான்ஃபில் இருக்கட்டும். திருத்தியதும் எஸ்எச் -என் (ஓட்டாமல் இலக்கணத்தை மட்டும் பார்க்கும்) கொடுத்துப் பாருங்கள், மூடாத குறியைக் காட்டிவிடும். (என் வளைந்த குறியை அதுவும் விட்டுவிடும், அது வேறு.) மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் கோப்பைப் போடுங்கள். எல்லாவற்றையும் விட, திருத்திய அன்றைக்கே, மெஷின் பக்கத்தில் ஆள் இருக்கும்போதே ஒரு முறை ரீபூட் செய்து பாருங்கள். காத்தான் அண்ணன் இதைச் செய்திருந்தால் ஆறு வாரம் வெடிகுண்டு மேல் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

டெபியன்_தாத்தா

ஷெல் என்று நம்பி அடி வாங்கியவன் நான். டெபியன் லினக்ஸில், சேவைகளை எழுப்பும் பழைய இனிட் ஸ்கிரிப்டுகள் டிஃபால்ட் டைரக்டரியில் இருக்கும் அமைப்புக் கோப்பை ஷெல்லாகவே படிக்கும். அதனால் லாக் பாதையில் $(ஹோஸ்ட்நேம்) என்று எழுதி வைத்திருந்தேன், ஷெல் அதைச் சர்வரின் பெயராக மாற்றிக்கொள்ளும், வருடக்கணக்கில் ஓடியது. 2015இல் டெபியன் 8, இனிட் ஸ்கிரிப்டுகளின் இடத்தில் சிஸ்டம்டி வந்தது. சிஸ்டம்டி அதே கோப்பைப் படிக்கும், ஆனால் ஷெல்லாக அல்ல. எழுதியதை எழுதியபடி எடுத்துக்கொண்டது. லாக் டைரக்டரிக்குள் டாலர், அடைப்புக்குறி எல்லாம் சேர்த்து $(ஹோஸ்ட்நேம்) என்றே ஒரு டைரக்டரி முளைத்திருந்தது.

சிரித்துக்கொண்டே, டைரக்டரியை அழிக்கும் ஆர்எம் -ஆர் போட்டு அந்தப் பெயரை அப்படியே அடித்தேன், மேற்கோள் இல்லாமல். இந்த முறை ஷெல் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. சர்வரின் நிஜப் பெயரில் இருந்த பழைய லாக் மொத்தமும் போனது. அசட்டு டைரக்டரி அங்கேயே இருந்தது.

கன்சோல்_காத்தான்

தாத்தா, படித்துவிட்டுக் கையை கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

@வரிக்குவரி ரீபூட் செய்து பார்த்திருக்கலாம், சரி. பகலில் ஐந்து நிமிடம் நிறுத்த அந்தக் கிளையண்ட் விடுவாரா என்று நீங்களே போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

பாஸ்வேர்டை மறுநாளே மாற்றிவிட்டேன். உறுத்துவது வேறு. சர்வர் ஏன் நின்றது என்று கேட்டு கிளையண்டிடமிருந்து மெயில் வந்தது. "மின்தடை" என்று ஒற்றைச் சொல்லில் பதில் எழுதினேன். வாட்ச்மேன் அண்ணன் அன்றைக்கு நைட் ஷிப்ட் முடிந்தும் நான் முடிக்கும் வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். யூபிஎஸ்ஸைக் கவனிக்கவில்லை என்று திட்டு அவருக்குத்தான் விழுந்தது.