புதுப்பிப்பு: இங்கிலாந்தில் அசைலம் (அகதித் தஞ்சம்) கேஸும் மருந்துக் காசும்

ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) பதிய பாஸ்போர்ட்டோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு பலரும் கேட்டது: "பதிந்தாயிற்று, ஃபார்மசியில் ஏன் காசு கேட்கிறார்கள்?"

ஜிபியைப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் இலவசம். மருந்துக்கு 2024 மே முதல் ஒன்றுக்கு 9.90 பவுண்ட். மூன்று மருந்து எழுதினால் கிட்டத்தட்ட 30 பவுண்ட். கையில் காசில்லாதவருக்கு அது பெரிய தொகை. இதைத் தவிர்ப்பது எச்.சி.2 (HC2) என்ற சான்றிதழ். ஹோம் ஆபிஸ் (உள்துறை அமைச்சகம்) உதவியில் இருப்பவர்களுக்கு அது கிடைக்கும், மற்றவர்கள் எச்.சி.1 (HC1) படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பல் வைத்தியமும் கண் பரிசோதனையும் இதில் அடங்கும்.

சான்றிதழின் முடிவுத் தேதியைப் பாருங்கள். காலாவதியான சான்றிதழை நம்பி மருந்துச் சீட்டின் பின்புறம் இலவசம் என்று டிக் போட்டால், மருந்துக் காசோடு 100 பவுண்ட் வரை அபராதமும் வரும்.

சான்றிதழ் வரவில்லையென்று இன்சுலினையோ பிரஷர் மாத்திரையையோ தயவுசெய்து நிறுத்தாதீர்கள். காசு கட்டும்போதே எஃப்.பி.57 (FP57) என்ற ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் தரமாட்டார்கள், சாதாரணக் கடை ரசீதும் செல்லாது. எஃப்.பி.57 இருந்தால் 3 மாதத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

கேஸ் ரிஜெக்ட் ஆனவர்களுக்கு: ஆஸ்பத்திரியில் சில சிகிச்சைகளுக்கு பில் வரலாம். ஆனால் ஜிபியும், ஏ அண்ட் ஈயில் (ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில்) அவசர சிகிச்சையும், காசநோய் சிகிச்சையும் அப்போதும் இலவசம்தான்.