மாங்கொட்டை விவகாரம்: புதுப்பிப்பு

போன கோடையில் சாப்பிட்ட பங்கனப்பள்ளியின் கொட்டையைத் தொட்டியில் ஊன்றிவிட்டு "இதில் அதே பழம் வருமா?" என்று கேட்டிருந்தேன், பாதிப் பேர் ஒட்டுக்கன்று வாங்கச் சொன்னீர்கள். கன்று இப்போது முழங்கால் உயரம். தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கி, அப்புறம் பச்சையாகி விறைத்துக்கொள்கிறது, அதைப் பார்ப்பதற்காகவே வளர்க்கலாம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அப்படியே வராது. பங்கனப்பள்ளி விதைக்குள் ஒரே கரு, அதுவும் மகரந்தம் சேர்ந்து உண்டானது, அப்பன் எந்த மரமோ யாருக்குத் தெரியும். வெள்ளைக்கொழும்பான் போன்ற சில ரகங்களில்தான் ஒரே கொட்டையில் பல முளை வரும், அவற்றில் பெரும்பாலானவை தாய் மரத்தின் நகல். எலுமிச்சையும் அப்படித்தான், பக்கத்துத் தொட்டியில் ஒரே விதையிலிருந்து இரண்டு தண்டு கிளம்பியிருக்கிறது.

அதனால் மாங்கன்றை வேர்ச்செடியாக, அதாவது வேறு மரத்துக் குச்சியை மேலே ஒட்டுவதற்கான அடிச்செடியாக, வைத்துக்கொள்கிறேன். தண்டு பென்சில் கனம் வந்ததும் பெரியப்பா தோட்டத்து மரத்தில் குச்சி எடுத்து (வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே இலையை நறுக்கிவிட வேண்டும், காம்பு இருக்கட்டும், நுனிமொட்டு உப்பிக்கொள்ளும்) ஆப்பு மாதிரி சீவி ஒட்டுக்கட்டப் போகிறேன். விதைக்கன்று காய்க்க ஆறேழு வருடமாவது ஆகும், எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இடம் இருப்பவர்கள் ஒரு விதைக்கன்றை ஒட்டாமல் அப்படியே விட்டுப் பாருங்கள்.