காமினோ நடக்கும்போது வீட்டில் இருக்கும் அப்பா அம்மாவோடு போனில் பேசியது: என் அனுபவம்

ஸ்பெயினில் சாந்தியாகோ நகரப் பேராலயம் வரை பல வாரம் நடந்து போகும் கிறிஸ்தவ யாத்திரையான காமினோவுக்குக் கிளம்புகிறவர்கள் ஷூ, முதுகுப்பை, கால் கொப்புளம் பற்றி நிறையக் கேட்கிறார்கள். வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அதையெல்லாம் விடப் பெரிய விஷயம் போன்தான், அதைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்வதில்லை. அதனால் நான் செய்ததையும் வழியில் மற்றவர்களிடம் பார்த்ததையும் எழுதுகிறேன்.

நான் போனது பிரெஞ்சு வழி. ஸ்பெயின் எல்லையோரம் பிரான்ஸில் உள்ள சான் ழான் பியே தெ போர் ஊரில் தொடங்கி சாந்தியாகோ வரை ஏறக்குறைய 780 கி.மீ. அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது, அம்மாவுக்குச் சர்க்கரை. இரண்டு பேரும் தனியாகத்தான் இருக்கிறார்கள்.

முதலில் நேரம். கோடையில் ஸ்பெயின் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றிய பிறகு நாலரை மணி நேரம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு 8 மணிக்கு நிதானமாகப் பேசலாம் என்று நினைத்தால் வீட்டில் அப்போது பதினொன்றரை, அந்த நேரத்தில் போன் அடித்தாலே அவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். அதனால் தங்குமிடம் சேர்ந்து, குளித்து, துணி துவைத்துப் போட்ட பிறகு மதியம் 2:30க்கு என்று வைத்துக்கொண்டோம், வீட்டில் மாலை 6. காமினோ விடுதிகளில் ராத்திரி 10 மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள், ஒரே கூடத்தில் அடுக்குக் கட்டில்கள், அங்கே படுத்துக்கொண்டு பேசவும் முடியாது. அதற்கும் இந்த நேரமே தோதாக இருந்தது.

நடந்துகொண்டே பேசாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகின்றன, அதனால் குரல் காதில் விழும், சொல் பிடிபடாது. நாம் மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு, மைக்கில் காற்று இரைய, "நல்லா இருக்கேன்பா" என்று கத்தினால் அவர்களுக்குக் கேட்பது இரைச்சலும் மூச்சுத் திணறலும்தான். சுவர் ஓரமாக உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி வீடியோவில், மெதுவாகப் பேசினால் அப்பா உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார். அம்மாவுக்கு வேறு கணக்கு. முதலில் கால் விரலைக் காட்டச் சொல்வார், கொப்புளம் ஆறியதா என்று பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு.

இருக்கும் இடம் அவர்களுக்கு எப்போதும் தெரிகிற மாதிரி வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டு வைக்கிறேன் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். என் அபிப்பிராயம், பெற்றோருக்கு அது வேண்டாம். அதிகபட்சம் 8 மணி நேரம்தான் ஓடும், தினமும் மறுபடி போட வேண்டும், சிக்னல் போனால் புள்ளி நின்றுவிடும். புள்ளி நின்றால் மகன் விழுந்துவிட்டான் என்றுதான் தோன்றும். ஒற்றை டிக் விஷயமும் இதே மாதிரிதான். பேட்டரி மிச்சம் பிடிக்க நான் பாதி நேரம் ஃபிளைட் மோடில்தான் வைத்திருந்தேன் (சிக்னல் குறைவான இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும்). கிளம்பும் முன்பே அம்மாவை உட்கார வைத்து, என் போனை ஃபிளைட் மோடில் போட்டு, அவர் போனிலிருந்து ஒரு செய்தி அனுப்பச் சொல்லி, இதுதான் ஒற்றை டிக், போன் தூங்குகிறது என்று மட்டும் அர்த்தம் என்று காட்டினேன். வாயால் ஆயிரம் முறை சொல்வதைவிட அது மனதில் நின்றது.

சத்தமே வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசியிருந்தோம். ஒரு நாள் 6 மணிக்குக் கூப்பிடாவிட்டால் கவலைப்படக் கூடாது. மறுநாள் 6 மணிக்கும் வராவிட்டால், பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரியம்மா பெண், என் அக்கா, நான் தங்கப் போவதாகக் கடைசியாகச் சொன்ன விடுதிக்குப் போன் செய்வார். இது எவ்வளவு உபயோகம் என்று 2025 ஏப்ரல் 28 அன்று தெரிந்தது. மெசேட்டா சமவெளியில் இருந்தேன், மதியம் பன்னிரண்டரைக்கு தீவுகள் தவிர ஸ்பெயின், போர்ச்சுகல் முழுக்க மின்சாரம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் டவரும் ஒவ்வொன்றாகப் போயிற்று. 2:30 வந்தது, போனில் ஒரு கோடு கூட இல்லை. விடுதியில் இருந்தவர்கள் முகமெல்லாம் வாடிக் கிடந்தது, ஒருவர் வீட்டுக்குச் செய்தி சொல்ல வழி கேட்டு ஊரையே சுற்றி வந்தார். விடிவதற்குள் சிக்னல் திரும்பியது, நான் கூப்பிட்டபோது அப்பா, "டிவியில பாத்தோம்பா, கரண்ட் இல்லன்னா நீ எப்படிப் பேசுவ" என்றார். அம்மா ராத்திரி தூங்கினாராம்.

இ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே பதிவாகும் சிம்) வாங்குகிறவர்கள் கவனிக்க: பெரும்பாலானவற்றில் டேட்டா மட்டும்தான், நம்பர் கிடையாது. வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடும், பிரச்சினை இல்லை. ஆனால் போன் தொலைந்து ஸ்பெயின்காரர் யாரோ ஒருவரின் போனிலிருந்து கூப்பிட்டால் அந்த நாட்டுக் கோடான +34 என்று வரும், மோசடி அழைப்புக்குப் பயந்து தெரியாத நம்பரை எடுக்கக் கூடாது என்று நாம்தானே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். +34 வந்தால் எடுங்கள், ஆனால் நம் வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையைக் கேளுங்கள், அது வராமல் யார் பணம் கேட்டாலும் வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

இனி, வழியில் பார்த்தவர்கள். ஒரு கொரியப் பெண் தினமும் யாத்திரிகர் பாஸ்போர்ட்டில் (தங்குமிடங்களில் முத்திரை வாங்கும் சிறு புத்தகம்) விழுந்த முத்திரையை மட்டும் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்புவார், அவருக்கு அது போதும். அயர்லாந்துக்காரர் ஒருவரின் அம்மாவுக்கு ஞாபக மறதி. ஒவ்வொரு அழைப்பிலும் "எங்கே இருக்கிறாய்" என்று நாலைந்து தடவை கேட்பார், மகன் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே ஊர்ப் பெயரைச் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், அவர் குரலில் சலிப்பு ஒரு துளி இல்லை. அப்புறம் ஒரு பிரேசில் பெண், சாந்தியாகோ பேராலயத்துக்கு முன்னால் எல்லோரும் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவருக்குத் தம்பி போன் செய்து, அப்பாவுக்கு நடுவில் அறுவை சிகிச்சை ஆயிற்று, நீ நடையை விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று அப்பாதான் சொல்ல விடவில்லை என்று சொன்னான். அப்பா இப்போது நன்றாக இருக்கிறாராம். ஆனாலும் அந்தப் பெண் கல்தரையில் உட்கார்ந்து அழுத அழுகையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நம் பெற்றோரும் இதையேதான் செய்வார்கள், சந்தேகமே வேண்டாம். "எங்களுக்கென்ன, நல்லாத்தான் இருக்கோம்" என்பதை நம்பாதீர்கள். அதனால் உண்மையைச் சொல்ல வேறொருவர் வேண்டும். நான் அக்காவிடம், எது நடந்தால் உடனே வர வேண்டும், எது நடந்தால் தெரிந்தால் போதும் என்று கிளம்பும் முன்பே பேசி வைத்திருந்தேன். லியோன் நகரத்தில் இருந்தபோது ஒரு நாள் வீடியோவில் அம்மா மட்டும் வந்தார், அப்பா கோவிலுக்குப் போயிருக்கிறார் என்றார். அரை மணியில் அக்காவின் செய்தி: குளியலறையில் வழுக்கிவிட்டார், எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்பு முறியவில்லை, வீக்கம்தான், நீ வர வேண்டிய அளவு இல்லை. பாம்ப்லோனா, லோக்ரோன்யோ, பூர்கோஸ், லியோன் எல்லாவற்றிலும் மாட்ரிட்டுக்கு ரயில் உண்டு, கிளம்ப நினைத்தால் கிளம்பியிருக்கலாம். அக்கா சொன்னதை நம்பி மேலே நடந்தேன். அப்பாவிடம் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை, இரண்டு நாளில் அவரே சொன்னார்.

பெற்றோரிடம் லேண்ட்லைன் மட்டும் இருந்தால் டேட்டா இ-சிம் தனியாகப் போதாது, வெளிநாட்டு அழைப்பு நிமிடங்களும் சேர்ந்த உள்ளூர் சிம்மாகக் கேட்டு வாங்குங்கள். பிரான்ஸில் வாங்கினாலும் ஸ்பெயினில் வேலை செய்யும், 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சாதாரண உபயோகத்துக்குத் தனி ரோமிங் கட்டணம் இல்லை. பக்கத்தில் உறவினர் யாருமே இல்லாத வீடுகளில் இந்த மூன்றாவது ஆள் ஏற்பாட்டை எப்படிச் செய்தீர்கள் என்று அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் எனக்கும் உதவியாக இருக்கும், அக்கா அடுத்த வருடம் வேறு ஊருக்கு மாறிப் போகிறார்.