தேனீயிடம் பேச எந்த மொழி?

கேள்வி:
ஜெர்மனியின் லார்ஷ் மடத்துத் தேனீ வாழ்த்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பத்தாம் நூற்றாண்டுப் பழைய ஜெர்மன். ஒரு லத்தீன் ஏட்டின் கீழ் ஓரத்தில் தலைகீழாக எழுதியிருக்கிறார்கள். ஏடு இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. பறந்துபோன தேனீயை "உட்கார், உட்கார்" என்று அழைக்கிறது. அடுத்துப் பார்த்தது உடலுக்குள் இருக்கும் புழுவை விரட்டும் மந்திரம்: தலைப்பு லத்தீன், மந்திரம் வட ஜெர்மனியின் பழைய சாக்சன் மொழி. இரண்டு மொழியும் அறிந்தவர் ஏன் ஒன்றிலேயே எழுதவில்லை? மக்களுக்குப் புரியட்டும் என்றா?

பதில் 1:
மக்களா? அவர்கள் ஏட்டைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். தலைப்பு ஏட்டைப் புரட்டுகிறவருக்கு, மந்திரம் புழுவுக்கு. "வெளியே போ, நெஸ்ஸோ, ஒன்பது குஞ்சுகளோடு" என்று தொடங்கி, மஜ்ஜையிலிருந்து எலும்பு, எலும்பிலிருந்து சதை, சதையிலிருந்து தோல், தோலிலிருந்து அம்பு என்று புழுவைப் படிப்படியாக இறக்குகிறது. ஊர்ப் புழுவுக்கு ஊர்மொழி, கடவுளுக்கு லத்தீன். அவ்வளவுதான்.

ஜெர்மனியின் ட்ரியர் நகரத்துக் குதிரை வாழ்த்தின் தலைப்பையும் பாருங்கள். "குதிரைகளின் நோய்க்கான மந்திரம்" என்று லத்தீனில் கம்பீரமாகக் கிளம்பி, "நாங்கள் ஸ்புரிஹால்ட்ஸ் என்பது" என்று ஜெர்மன் சொல்லில் போய் நிற்கிறது. அது கால் நொண்டும் நோய். தலைப்பும் சேர்ந்தே நொண்டுகிறது!

பதில் 2:
நண்பரே, நீங்கள் காட்டிய புழு மந்திரத்தின் கடைசி வரி என்ன? "ட்ரோஹ்தின், அப்படியே ஆகட்டும்." ட்ரோஹ்தின் என்றால் ஆண்டவர். கடவுளையே சாக்சனில் அழைத்துவிட்டார்! எபிரேயம், கிரேக்கம், லத்தீன் ஆகிய மூன்றில்தான் ஜெபிக்கலாம் என்று யாரும் நம்ப வேண்டாம் என 794இல் பிராங்க்பர்ட்டில் கூடிய திருச்சபைச் சங்கமே சொல்லிவிட்டது.

இங்கிலாந்தின் வயல் சடங்கு உங்கள் கணக்கை இன்னும் குழப்பும். 11ஆம் நூற்றாண்டு ஏட்டில் இருக்கிறது. விடியுமுன் வயலின் நான்கு பக்கமும் புல்லோடு மண்ணை வெட்டி எடுத்து, எண்ணெய், தேன், நொதி, பால் எல்லாம் சேர்த்துத் தெளிக்க வேண்டும். அப்போது மண்ணிடம் சொல்வது லத்தீன்: "பெருகுங்கள், பலுகுங்கள், பூமியை நிரப்புங்கள்." பிறகு ஏர் கட்டும் இடத்தில் "எர்க்கே, எர்க்கே, எர்க்கே, நிலத்தின் தாயே" என்று பழைய ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள். மண் ஒன்றுதான், மொழி இரண்டு. அந்த லத்தீன் வரி பைபிளின் ஆதியாகமத்தில் வருவது. அதை அவர்கள் கோயிலில் கேட்ட ஒலியிலேயே சொன்னால்தான் வேலை செய்யும் என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

பதில் 1:
ட்ரோஹ்தின் என் கண்ணில் படவில்லை, ஒப்புக்கொள்கிறேன். தலைப்பைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.