படத்தில் பார்த்ததை நேரில் மிஞ்சிய இடம் எது?

ஜன்னலோரம்:
வணக்கம். ரொம்ப நாளாகச் சேர்த்து வைத்த விடுப்பு மொத்தத்தையும் ஒரே பயணத்தில் செலவழிக்கப் போகிறேன், அதனால்தான் பயமாகவும் இருக்கிறது. போன தடவை பாரிஸில் மோனா லிசாவைப் பார்க்கப் போனேன். ஓவியத்தின் மேல் குறையில்லை, சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் என்று நானாகவே கற்பனை செய்துகொண்டு போய்விட்டேன். 77 செ.மீ. உயரம்தான். தூக்கிப் பிடித்த கைபேசிகளின் இடுக்கில் அரை நிமிடம் பார்த்துவிட்டு வந்தேன். படத்தில் பார்த்ததே போதுமே என்று தோன்றாத இடம் உங்களுக்கு எது? பட்டியல் வேண்டாம், போய் நின்றவர்கள் மட்டும் சொல்லுங்கள்.

கல்தச்சன்:
பெட்ரா, ஜோர்டானில் பாறையைக் குடைந்து உருவாக்கிய பழைய நகரம். எல்லாரும் படம் பிடிப்பது பாறையில் செதுக்கிய அல் கஸ்னே என்ற கட்டடத்தின் முகப்பை. எனக்கு அதைவிட அதற்கு முன்னால் நடக்கும் சிக் என்ற மலை இடுக்குதான் பிடித்தது. சுமார் 1.2 கி.மீ., இரண்டு பக்கமும் பாறை, சில இடங்களில் வானம் ஒரு கோடாகத்தான் தெரியும். சுவரோரமாகவே ஒரு வாய்க்கால் கூட வரும், அந்த நகரத்தைக் கட்டிய நபட்டேயர்கள் ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோக இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு பாறையில் செதுக்கியது. அதைத் தொட்டுக்கொண்டே நடந்ததில், முகப்பு எதிரே வந்து நின்றதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள், சுமார் 800 படி ஏறினால் அத்-தெய்ர் என்ற இன்னொரு பாறை முகப்பு இருக்கிறது, கஸ்னேவைவிடப் பெரியது.

தூரிகை:
ஜன்னலோரம், ஒரு சந்தேகம். அந்த அறையில் திரும்பிப் பார்த்தீர்களா? மோனா லிசாவுக்கு நேர் எதிர்ச் சுவரில் வெரோனேஸே 1563-ல் முடித்த பைபிளில் வரும் கானா ஊர்க் கல்யாண விருந்து ஓவியம் இருக்கிறது, அகலம் மட்டும் கிட்டத்தட்ட 10 மீட்டர். வெனிஸில் ஒரு மடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தது, 1797-ல் நெப்போலியன் படை கழற்றிக் கொண்டுவந்துவிட்டது. நடுவில் வாத்தியக்காரர்கள், அவர்கள் முன்னால் மேசையில் ஒரு மணல் கடிகாரம், கீழே நாய்கள், ஓரத்தில் ஜாடியைப் பிறாண்டும் பூனை என்று பார்க்கப் பார்க்க வந்துகொண்டே இருக்கும். அவ்வளவு கூட்டமும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுதான் வேடிக்கை.

ஜன்னலோரம்:
நானும் முதுகைக் காட்டித்தான் நின்றிருக்கிறேன்! சரி, வடதுருவ ஒளி எப்படி? அதுதான் என் முதல் ஆசை.

பனிக்குல்லா:
நார்வேயில் த்ரோம்சோ பக்கம் பார்த்தேன். முதலில் வெண்மேகம் என்றே நினைத்தேன், பக்கத்தில் இருந்தவர் கேமராவில் காட்டியபோதுதான் பச்சை தெரிந்தது. ஒளி மங்கலாக இருந்தால் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, கேமரா பல விநாடி திறந்திருந்து ஒளியைச் சேர்த்துக்கொள்கிறது. அதனால் ஏமாந்துவிட்டோம் என்று நினைத்து வண்டியில் ஏறப் போன நேரத்தில் அந்த மேகம் திரைச்சீலை மாதிரி மடிந்து தலைக்கு மேல் ஓட ஆரம்பித்தது, அப்போது வெறும் கண்ணுக்கே பச்சை. அந்த அசைவு எந்தப் படத்திலும் வராது. ஒரே இரவை நம்பிப் போகாதீர்கள், மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. எனக்கு நான்காவது இரவில்தான் கிடைத்தது.

சாரல்:
விக்டோரியா அருவியின் நிலவு வானவில்லும் இதே கதைதான். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில், தண்ணீர் நிறைய விழும் மாதங்களில் வரும். கண்ணுக்குப் பெரும்பாலும் வெள்ளை வில்தான், நிறமெல்லாம் கேமராவில். ஆனால் 1.7 கி.மீ. அகலத்துக்கு விழும் தண்ணீரின் சத்தத்தை இருட்டில் கேட்பதே வேறு. கேமராவுக்கு உறை எடுத்துப் போங்கள், நான் எடுக்கவில்லை, தெப்பலாக நனைந்தது.

ஜன்னலோரம்:
முதலில் பெட்ரா என்று முடிவு செய்துவிட்டேன். கல்தச்சன், முட்டி வலிக்காரன் அந்த 800 படியை ஏறலாமா?

கல்தச்சன்:
ஒரே மூச்சில் ஏற வேண்டியதில்லை, நடுநடுவே உட்கார இடம் உண்டு. காலையில் கஸ்னேவைப் பார்த்துவிடுங்கள், வெயில் அதன் மேல் விழுவது அப்போதுதான். அத்-தெய்ருக்குப் பிற்பகல் வெயில், அதனால் சாவகாசமாக ஏறலாம். இறங்கும்போதுதான் முட்டி பேசும், ஒரு ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள்.