பழைய சுசுரிபாகோவைக் கெடுப்பது எது?

சுசுரிபாகோ என்னும் ஜப்பானிய எழுதுபெட்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தண்ணீருக்குத்தான் பயப்படுகிறார்கள். மை உரைக்கும் கல் (மைக்கல்), நீர்க்குப்பி, தூரிகை, மைக்கட்டி எல்லாம் ஒன்றாக இருக்கும் பெட்டி அது. மேலே உருஷி என்ற மரப்பால் பூச்சு இருக்கும். தினமும் ஈரம் படும் என்று தெரிந்தே செய்தது. பூச்சு நல்ல நிலையில் இருந்தால் ஈரம் ஒன்றும் செய்யாது. வியன்னா கண்காட்சியிலிருந்து பொருட்களோடு திரும்பிய 'நைல்' என்ற கப்பல் 1874இல் ஜப்பானின் இசு கரையருகே மூழ்கியது. மாதக்கணக்கில் கடலடியில் கிடந்த உருஷி பூசிய பொருட்கள் சில நல்ல நிலையிலேயே மீட்கப்பட்டன.

கெடுப்பது வெளிச்சம். ஜன்னலோரம் வைத்த பெட்டியில் முதலில் பளபளப்பு போகும், பிறகு கருப்பு பழுப்பாகும். கூர்ந்து பார்த்தால் மயிரிழை விரிசல்கள் தெரியும். இந்த நிலைக்கு வந்துவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீரே வெள்ளைத் தழும்பு போடும், விரல் ரேகையும் பதிந்து நிற்கும். காட்சிக்கு வைப்பதானால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு (ஒளி அளவு) மேல் வேண்டாம். மற்ற நேரம் மூடி வையுங்கள்.



மேலே சொன்னதோடு, வறட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) மரப்பலகை. அதன் மேல் துணி, மண் கலந்த அடிப்பூச்சு, பிறகு பல அடுக்கு உருஷி. காற்று வறண்டால் மரம் நார்க்குக் குறுக்கே சுருங்கும், பூச்சு கூடவே சுருங்காது. அதனால்தான் விரிசல் நார்வாக்கில் நேர்க்கோடாக ஓடும். 50 முதல் 60 சதவீத ஈரப்பதம் போதும். ஏசி அறையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது சரியான கேடு. பெட்டியோடு வந்த, கிரி (பவுலோனியா) மரத்தில் செய்த வெளிக்கூட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஈரப்பதம் சட்டென்று மாறாமல் தாங்கிப் பிடிப்பது அதுதான்.

ப்ளைவுட் அலமாரியும் கூடாது. கோயெட்சு, கோரின் என்ற பழைய ஜப்பானியக் கலைஞர்களின் வழியில் செய்த பெட்டிகளில் ஈயத்தகடும் சிப்பியும் பதித்திருக்கும். கோரினின் யாட்சுஹாஷி (எட்டுப் பலகைப் பாலம்) பெட்டியில் பாலம் ஈயம், ஐரிஸ் பூக்கள் சிப்பி. ப்ளைவுட் விடும் அமில வாயு இரண்டையும் அரிக்கும். ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்தால் உடனே இடம் மாற்றுங்கள்.



திறக்கும் முறை பற்றி: மோதிரம், கடிகாரத்தைக் கழற்றுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம், எழும்பி நிற்கும் சிப்பித் துண்டில் நூல் மாட்டி அதைப் பெயர்த்துவிடும். நைட்ரைல் கையுறை நல்லது. மூடி இறுக்கமாக இருக்கும், உள்ளே காற்று பிடித்து இழுக்கும். எதிரெதிர் பக்கங்களின் அடிவிளிம்பைப் பிடித்து, நேர் மேலாக, மெதுவாகத் தூக்குங்கள். ஒரு மூலையை மட்டும் நெம்பினால் விளிம்பு சில்லாகும். மைக்கல்லை வெளியே எடுத்து, சோப்பு இல்லாமல் கழுவி, நன்றாகக் காய்ந்தபிறகு மட்டும் திரும்ப வையுங்கள். மை சிந்தினால் காயவிடாமல் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். கறுத்த வெள்ளித்தூள் வேலையில் வெள்ளி பாலிஷ் போடவே கூடாது, தூளே போய்விடும்.



பழுது பார்க்கக் கொடுக்கும் முன் ஒன்று. நம் தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்து அடிக்கும் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. உருஷி மரத்தின் பால். அது காய வெறும் காற்று போதாது, 20 முதல் 25 டிகிரி சூடும் 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். அரக்கு பாலிஷ் அடித்த பெட்டி சில நாள் மினுங்கும், பிறகு அதை எடுப்பதே பெரும்பாடு. ஸ்பிரிட் போட்டால் வெளிச்சத்தில் நைந்த பழைய பூச்சையும் சேர்த்துக் கெடுக்கும். வாங்கும்போது இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். அரக்கு தடவிய இடம் ஆரஞ்சாக ஒளிரும். தங்கவேலையில் பச்சை படிந்திருந்தால் யாரோ பித்தளைத் தூள் தூவி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

உருஷி வாங்கி நாமே பூசிப் பார்க்க நினைப்பவர்கள் கவனிக்க: சேராங்கொட்டைக் குடும்பம்தான் இதுவும். காயாத பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். முழுதாகக் காய்ந்த பெட்டியைத் தொடப் பயம் வேண்டாம்.